முதல் வரிசைக்காரர்கள்

பழனி மலைப் பக்கம் நடந்த முதல் சோலோ ஷோவுக்கு மேடை இல்லை, மைக் இல்லை, ஸ்பான்சர் இல்லை. ஆடியது ஒரு மயில். ஆடியன்ஸ் ஒரே ஒருவர். பெயர், வையாவிக் கோப்பெரும் பேகன். பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக நாமெல்லாம் உருப்போட்ட அதே பேகன்தான்!

கதை உங்களுக்குத் தெரியும். மழைக்காலம். மயில் தோகையை விரித்தது. பேகன் பார்த்தார். 'ஐயோ பாவம், குளிரில் நடுங்குகிறதே' என்று தன் போர்வையை எடுத்து அதன் மேல் போர்த்தினார். கடையெழு வள்ளல்கள் லிஸ்ட்டில் அவருக்கு ஒரு சீட் கன்ஃபர்ம் ஆயிற்று. சரி, மயில் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்கள். சீசனிலேயே பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் கொடுத்துக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவர் குறுக்கே வந்து, மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுப் போனால் அதற்கு எப்படி இருந்திருக்கும்?

கலைஞன் என்ன செய்கிறான் என்று புரிந்துகொள்ளாமலே பொன்னாடை போர்த்துவது ஏதோ நம் காலத்துக் கெட்ட பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சங்க காலத்திலிருந்தே இருக்கிறது!

பேகனைப் பாடிய பரணருக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். மழை குளத்திலும் பெய்கிறது, வயலிலும் பெய்கிறது, ஒன்றுமே விளையாத உவர் நிலத்திலும் பெய்கிறது. எங்கள் பேகனும் அந்த ரகம்தான் என்று பாடுகிறார். கொடுப்பதில் கொஞ்சம் அசடு, ஆனால் போர்க்களத்தில் அசடு கிடையாது என்று உடனே ஒரு கவர் டிரைவும் அடித்துவிடுகிறார். பரிசு வாங்கப் போன இடத்தில் எஜமானரை அசடு என்று சொல்லிவிட்டு உயிரோடும் திரும்பியிருக்கிறார் என்றால், பேகன் நிஜமாகவே வள்ளல்தான்.

வள்ளலின் வீட்டு நிலவரம் வேறு. மயிலுக்குக் குளிரும் என்று உருகியவர், சொந்த மனைவியை விட்டுவிட்டு முல்லைவேலி நல்லூர்ப் பெண் ஒருத்தியின் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். மனைவி பெயர் கண்ணகி. (இது வேறு கண்ணகி. அந்தப் பெயருக்கு அன்றைக்கு ராசி சரியில்லை போலும்.) பாடிப் பரிசு வாங்க வந்த கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்ற நான்கு பெரும் புலவர்கள் அவளுக்காகப் பேகனிடம் போய் நின்றார்கள். 'எங்களுக்குப் பசி இல்லை, குடும்பச் சுமையும் இல்லை. நீ தேரைப் பூட்டிக்கொண்டு இன்று ராத்திரியே வீட்டுக்குப் போ, அதுதான் எங்களுக்குப் பரிசு' என்று பாடினார்கள். தமிழ்ப் புலவர்கள் பேமென்ட் வேண்டாம் என்று சொன்ன அபூர்வ தருணம் இது. அவர் வீட்டுக்குப் போனாரா என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை. போர்வை கொடுத்ததை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள்!

இதையெல்லாம் வைத்து நான் ஒரு சரித்திர விதியையே கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். ஒற்றை ஆள் மேடையேறும் எந்த நிகழ்ச்சியிலும் அசல் காமெடி மேடையில் நடப்பதில்லை, முதல் வரிசையில் நடக்கிறது. டாக்டர் பட்டம் கொடுக்கத்தான் யாரும் முன்வரவில்லை.

விதிக்கு அடுத்த ஆதாரம், சேரன் செங்குட்டுவன். சிலப்பதிகாரத்தின் மெகா பட்ஜெட் ஹீரோ. மதுரையை எரித்த கண்ணகிக்கு ஒரு கோயில் கட்டலாமே என்று சொன்னது அவருடைய மனைவி வேண்மாள். நல்ல யோசனை. சிலைக்குக் கல் வேண்டும். பொதிகையில் எடுக்கலாம், இமயத்திலும் எடுக்கலாம் என்று அமைச்சர்கள் இரண்டு ஆப்ஷன் கொடுத்தார்கள். பக்கத்துப் பொதிகையில் எடுத்தால் நம் வீரத்துக்கு என்ன மரியாதை? கிளம்பினார் இமயத்துக்கு. பழனி மலைக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாறை பாறையாக ஏற்றி அனுப்பியிருப்பார்கள்.

கல்லை எடுத்து, கனகன், விசயன் என்ற இரண்டு வடநாட்டு மன்னர்களின் தலையில் ஏற்றி, கங்கைக்கரைக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு ஜோசியர் கணக்குப் போட்டு, 'வஞ்சியை விட்டுக் கிளம்பி 32 மாதம் ஆகிறது' என்கிறார். ஊர் போய்ச் சேர இன்னும் பாதி இந்தியாவை நடக்க வேண்டும். மனைவி ஒரு கோயில் கேட்டார், கணவர் கிட்டத்தட்ட மூன்று வருஷம் வீட்டுக்கே வரவில்லை. இப்படிப்பட்டவர் திரும்பி வந்ததும் முதல் காரியமாக என்ன செய்வார்? உங்கள் ஊகம் சரி. மனைவியை ஒரு ஷோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்!

நிலா முற்றத்தில் நிகழ்ச்சி. ஆடியவர் பறையூரைச் சேர்ந்த கூத்தச் சாக்கையர். ஐட்டம், கொட்டிச்சேதம். சிவனும் உமையும் பாதிப் பாதியாக இருக்கும் உருவத்தை ஒரே ஆள் ஆடிக் காட்ட வேண்டும். சிவன் பாதி துள்ளிக் குதிக்கும்போது உமை பாதியில் வளையல்கூட அசங்கக் கூடாது. யோசித்துப் பாருங்கள், உடம்பில் பாதி ஊர் ஊராகச் சுற்றிக் கூத்தடிக்கிறது, மறு பாதி நின்ற இடத்தில் அசையாமல் காத்திருக்கிறது. இதை யார் முன்னால் ஆடுகிறார் பார்த்தீர்களா? வேண்மாளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்திருக்கும் என்பது என் கட்சி. இளங்கோவடிகள் துறவி. அவர் அதை எழுதவில்லை.

மகிழ்ந்துபோன மன்னர் அங்கிருந்து நேரே அரசவைக்கு வந்தார். வந்த இடத்தில் காத்திருந்தார் நீலன். பிடித்துவந்த ஆரிய மன்னர்களைச் சோழனிடமும் பாண்டியனிடமும் காட்டிவிட்டுத் திரும்பியிருந்தவர். 'என்ன சொன்னார்கள்?' 'தவசி வேஷம் போட்டுக்கொண்டு ஓடியவர்களைப் பிடித்து வந்ததெல்லாம் ஒரு வெற்றியா என்கிறார்கள் மன்னா.' அவ்வளவுதான், கண் சிவந்துவிட்டது. மாடலன் என்ற மறையோன் குறுக்கே விழுந்து தத்துவம் பேசிச் சமாதானப்படுத்தாமல் இருந்திருந்தால் வேண்மாள் இன்னொரு 32 மாதம் காத்திருக்க வேண்டியதுதான்.

சாக்கையரின் வாரிசுகள் என்று கருதப்படுபவர்கள் கேரளத்தில் இன்றும் சாக்கியார் கூத்து நடத்துகிறார்கள். தலையில் ஒரு விசித்திரக் கிரீடம், பின்னால் மிழாவு என்ற பெரிய குடமுழா. புராணக் கதை சொல்கிற சாக்கில் எதிரே உட்கார்ந்திருக்கும் யாரை வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம். ராஜாவே ஆனாலும் வாயைத் திறக்கக் கூடாது, கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். குஞ்சன் நம்பியார் ஒருநாள் மிழாவு வாசிக்கும்போது கண்ணயர்ந்துவிட, சாக்கியார் சபையில் வைத்தே அவரை வறுத்தெடுத்துவிட்டாராம். ரோஷப்பட்ட நம்பியார் ஒரே ராத்திரியில் ஓட்டந்துள்ளல் என்ற புது சோலோ ஷோவை உருவாக்கி, மறுநாள் பக்கத்திலேயே போட்டு, சாக்கியாரின் கூட்டத்தை மொத்தமாக இழுத்துக்கொண்டார் என்பது கர்ணபரம்பரைக் கதை. ஆபீசில் தூங்கி மாட்டிக்கொண்ட ஒருவர் போட்டிக் கம்பெனி ஆரம்பித்து ஜெயித்த வரலாறு உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும்.

தூக்கம் என்றதும் இன்னொரு பெரிய மனிதர் ஞாபகத்துக்கு வருகிறார். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 19ஆம் நூற்றாண்டுத் தமிழின் சுப்ரீம் கோர்ட். உ.வே.சாமிநாதையரின் குரு. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் பாடி முடித்து, சாற்றுக்கவி வாங்க அவரிடம் போனார். அதாவது, பின்னட்டைக்கு நாலு நல்ல வார்த்தை. பிள்ளை தரவில்லை. இலக்கணப் பிழை இருக்கிறது, தவிர பெரிய புராணத்தில் இல்லாத ஒரு வேதியர் கதைக்குள் எப்படி வந்தார்? பாரதியார் மறுபடி போனார். மறுபடியும் இல்லை.

ஒருநாள் பகல், மகாவித்வான் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். பாரதியார் வாசல் திண்ணையில் உட்கார்ந்து, நந்தன் உருகுகிற கீர்த்தனை ஒன்றைத் தானும் உருகிப் பாட ஆரம்பித்தார். உள்ளே படுத்திருந்த சுப்ரீம் கோர்ட்டுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எழுந்து வந்து சாற்றுக்கவி கொடுத்துவிட்டார். முழித்துக்கொண்டிருக்கும்போது இலக்கணம் பேசியவரைத் தூக்கத்தில் கவிழ்த்த டெக்னிக்கைக் கவனியுங்கள். விமர்சகர்களிடம் ரிவ்யூ கேட்டு அலையும் எழுத்தாளர்கள் இனி மதியம் இரண்டு மணிக்கு முயற்சி செய்யலாம்.

அந்த நந்தனார் சரித்திரத்தைத்தான் ஊர் ஊராகக் கதாகாலட்சேபமாக நடத்தினார்கள். ஒரு பாகவதர், கையில் சிப்ளாக்கட்டை. நந்தனும் அவரே, வேதியரும் அவரே, தில்லை நடராஜரும் அவரே. நடுநடுவே குட்டிக் கதை, நக்கல், பிறகு மறுபடி பக்தி. ஜோக்குக்குச் சிரித்த கண்ணிலேயே அடுத்த நிமிஷம் நீர் வரவைக்க வேண்டும். முதல் வரிசையில் மிராசுதார்கள் உட்கார்ந்து, பண்ணையாள் நந்தனைச் சிதம்பரம் போக விடாத வேதியரை நினைத்துத் தாரை தாரையாகக் கண்ணீர் விட்டார்கள். விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், தங்கள் பண்ணையாளை வழக்கம்போல் வேலைக்கு விரட்டினார்கள்.

இதெல்லாம் சபைக் கச்சேரி. நம் மலைக்கு வருவோம்.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டின் இரைச்சலைத் தாண்டி பஸ் ஏறினால் வடகாடு, பரப்பலாறு அணை என்று வளைந்து வளைந்து மேலே போய்ச் சேரும் ஊர் பாச்சலூர். கீழ்ப்பழனி மலை. காபி, மிளகு, மலைவாழை. இந்த மலை ஊர்களில் ஒன்றில் கோயில் திருவிழா, நீங்கள் விருந்தாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் நோட்டீஸ்: 'இரவு சரியாக 10 மணியளவில் வள்ளி திருமணம் நாடகம்.' சரியாகவும் வேண்டும், அளவிலும் வேண்டும். கிரீன்விச்காரர்களுக்கே தோன்றாத ஏற்பாடு.

இதற்குப் பெயர் ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பெட்டிக்காரர் இன்னொரு ஊர் (ஆர்மோனியத்தைத்தான் பெட்டி என்கிறார்கள்). தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கி, தனித்தனியாக பஸ் ஏறி வந்து, ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்திப்பார்கள். டைரக்டர் என்று ஒரு ஜீவன் கிடையாது. காலை வரைக்கும் நாடகம் நடந்து, கல்யாணமும் ஆகிவிடும். இத்தனை மீட்டிங் போட்டும் நம் ஆபீஸ்களில் ஏன் ஒன்றும் நடக்க மாட்டேன் என்கிறது என்று கேட்காதீர்கள்.

முதலில் வருவது பபூன். முருகன் வர நடுநிசி தாண்டும். அதுவரை இந்தக் குளிரில் ஊரை உட்கார வைப்பது ஒற்றை ஆளின் பொறுப்பு. முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பஞ்சாயத்துப் பெரியவர்கள், கோயில் கமிட்டி, உபயதாரர்கள். பின்னால் பாயில் பெண்களும் குழந்தைகளும், போர்வைக்குள் மூட்டை மூட்டையாக. அதற்கும் பின்னால் குரங்குக் குல்லாயோடு நிற்கும் இளவட்டங்கள். பபூன் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டை எடுத்துக்கொண்டே வருவார், சபைக்கு ஒரு கும்பிடு போடுவார், ஊர் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். முதல் வரிசைக்குப் பரம திருப்தி. அப்புறம் ஆரம்பிக்கும். பெட்டிக்காரரோடு பேசும் வசனம் இந்தத் தினுசில் போகும்:

"அண்ணே, முன்னாடி உக்காந்திருக்கிற பெரியவங்க ஒருத்தரும் கை தட்ட மாட்டேங்கிறாங்களேண்ணே?"

"குளிருப்பா தம்பி. கை போர்வைக்குள்ள இருக்கு."

"அப்ப மைக்ல அன்பளிப்புப் பேரு வாசிக்கும்போது மட்டும் கையத் தூக்கிக் கும்பிடுறாங்களே, அது யாரு கைண்ணே?"

பாய்ப் பக்கம் சிரிப்பு அலை. நாற்காலிப் பக்கம் அரை விநாடி மௌனம், பிறகு எல்லோரையும்விடப் பலமாக ஒரு சிரிப்பு. கிண்டல் தங்களைப் பற்றியது இல்லை, பக்கத்து நாற்காலியைப் பற்றியது என்று ஒவ்வொருவரும் முடிவுக்கு வருவதற்கு ஆகிற நேரம்தான் அந்த அரை விநாடி. அடுத்த நிமிஷம் ஒருவர் எழுந்து போய் பபூன் சட்டையில் நூறு ரூபாயைக் குத்துகிறார். பபூன் ஜோக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு மைக்கில் அவர் பெயரைச் சொல்கிறார், அப்பா பெயரோடு. திட்டுவாங்கியவரே பில்லையும் கட்டுகிற ஒரே பிசினஸ் இதுதான்.

பெரிய மனிதர்களை இவ்வளவு கலாய்க்க லைசென்ஸ் கொடுத்தது யார்? சங்கரதாஸ் சுவாமிகளா? தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் அவர். 1867இல் பிறந்தவர், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றவர். 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள். வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் வரை சீராக எழுதிக் கட்டுக்குள் கொண்டுவந்தவர். நேரத்துக்கு வராத, சொன்ன பேச்சுக் கேட்காத பெரிய நடிகர்களோடு மாரடித்து அலுத்துப்போய், 1918இல் மதுரையில் சிறுவர்களை மட்டும் வைத்து ஒரு கம்பெனியே ஆரம்பித்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றது அங்கேதான். ஒழுக்கத்துக்காகப் பையன்களை நம்பிய ஒருவரை நாம் மகான் என்று கும்பிடாமல் வேறு எப்படிக் கும்பிடுவது?

அந்த மகானின் பேப்பரில் பபூன் பேசும் அந்த ஒரு மணி நேரம் இல்லை. அது பபூனின் சொந்தச் சரக்கு. ஊருக்கு ஊர் மாறும், குளிருக்கு ஏற்ப நீளும், நாட்டாமையின் முகத்தைப் பார்த்துச் சுருங்கும். எழுதினால்தானே யாராவது திருத்த முடியும்?

திருத்த ஆசைப்பட்டவர்களில் பிரிட்டிஷ் சர்க்கார் முக்கியம். 1876இன் நாடகச் சட்டம் எப்படி வந்தது தெரியுமா? இளவரசர் எட்வர்ட் கல்கத்தா வந்தபோது ஜகதானந்த முகர்ஜி என்ற வக்கீல் அவரை அந்தப்புரம் வரை அழைத்துப்போய் வீட்டுப் பெண்களை விட்டு வரவேற்றார். ஊர் விடுமா? அதை வைத்து ஒரு நையாண்டி நாடகம் போட்டார்கள். போலீஸ் தடை செய்தது. வேறு பெயரில் மறுபடி போட்டார்கள். அதற்கும் தடை. அன்றைய போலீஸ் கமிஷனரின் பெயர் ஹாக், சூப்பரின்டெண்டென்ட் பெயர் லாம்ப். உடனே 'பன்றி, ஆடு போலீஸ்' என்று அடுத்த நாடகம்! வைஸ்ராய் நார்த்புரூக் அவசரச் சட்டமே போட்டார். சூரியன் மறையாத சாம்ராஜ்யம் பயந்த விஷயங்களின் பட்டியலில் ஒரு ஆடும் இருக்கிறது.

இந்தச் சட்டம் இருந்த காலத்தில்தான் தமிழ்நாட்டில் நாடக நடிகர் விஸ்வநாததாஸ் முருகன் வேஷத்தில் வந்து, வள்ளியைக் கவனிப்பதை விட்டுவிட்டு, மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பாட்டைப் பாடினார். வள்ளி காப்பது தினைப்புனம், அங்கே கொக்கு பறக்காதா? கூட்டத்துக்கு அது எந்த நாட்டுக் கொக்கு என்று தெரியும். போலீசுக்கும் தெரியும். ஆனால் 'அந்த வெள்ளைக் கொக்கு நாங்கள்தான்' என்று சர்க்காரே முன்வந்து ஒப்புக்கொள்வதில் உள்ள சங்கடம் இருக்கிறதே! அவரை 29 முறை சிறைக்கு அனுப்பினார்கள் என்பது பிரசித்தம். ஒவ்வொரு கைதும் ஒரு ஒப்புதல் வாக்குமூலம்தான். 1940இன் கடைசி இரவில், சென்னை ராயல் தியேட்டர் மேடையில், மயில் மேல் முருகனாக இருந்தபடியே அவர் உயிர் பிரிந்தது. அவரைப் பற்றி இதற்கு மேல் ஜோக்கடிக்க எனக்கு மனசில்லை, அவருக்குக் காவல் இருந்த போலீசைப் பற்றி வேண்டுமானால் அடிக்கலாம்.

நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற ஒரு நாகர்கோவில் பையன் இதையெல்லாம் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னாளில் கலைவாணர் ஆன என்.எஸ்.கிருஷ்ணன். டி.கே.எஸ். கம்பெனியில் வளர்ந்து சினிமாவுக்கு வந்தவர், சுவாமிகளின் பேப்பரில் பபூனுக்கு இருந்த அதே காலி இடத்தை சினிமாவிலும் கண்டுபிடித்தார். டைரக்டர் ஒருபக்கம் படம் எடுப்பார், கலைவாணர் தன் கோஷ்டியோடு காமெடியைத் தனியாக எழுதி, தனியாக எடுத்து, நடுவில் ஒட்டச் சொல்லிவிடுவார். படத்தின் கதை என்ன என்று இன்று கேட்டால் நம் தாத்தாக்கள் விழிப்பார்கள். ஒட்டியதை மட்டும் வரிசையாகச் சொல்வார்கள்.

1949இல் வந்த 'நல்ல தம்பி'யில் அவர் பாகவதராக நின்று நடத்திய 'கிந்தனார்' காலட்சேபம்தான் உச்சம். படத்தின் கதை வசனம் அண்ணா, பாட்டு நம் பழனிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் உடுமலை நாராயண கவி. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான், கிந்தன் பள்ளிக்கூடம் போக ஏங்குகிறான். அதே உருக்கம், அதே பாகவதர் பாவனை, அதே இழுப்பு. நந்தனுக்காக அரை நூற்றாண்டுக்கு மேல் அழுதுகொண்டிருந்த முதல் வரிசைக்குத் திடீரென்று ஒரு சந்தேகம்: நந்தனாவது தில்லையில் ஜோதியில் கலந்துவிட்டான், தொந்தரவு இல்லை. இவன் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்துவிட்டால்?

கலைவாணரைத் தெய்வமாக்குவதற்கு முன்னால் ஒரு விஷயம். அவருக்கும் பேகன் வியாதி இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார், கேட்காதவர்களுக்கும் கொடுத்தார். 1957இல், 48 வயதில் போகும்போது பெரிதாக ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. மேடையில் அத்தனை புத்தி சொன்னவர், வீட்டு வரவு செலவில் அந்தப் புத்தியைக் கொஞ்சம் உபயோகித்திருக்கலாம்.

வெள்ளைக்காரன் போனதும் முதல் வரிசைக்குப் புத்தி வந்துவிட்டதா? 1954இல் சென்னை ராஜ்யம் சொந்தமாகவே ஒரு நாடகச் சட்டம் போட்டது. எம்.ஆர்.ராதா என்ற ஒற்றை மனிதருக்காகவே அது வந்தது என்று அன்றைக்கே பேச்சு. புண்படுகிறவர்கள் என் நாடகத்துக்கு வரவே வேண்டாம், அவர்கள் காசும் எனக்கு வேண்டாம் என்று நோட்டீஸ் அடித்தவர் அவர். வரவேண்டாம் என்று சொன்ன பிறகுதான் ஹவுஸ்ஃபுல்! அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய 2013 ஆயிற்று. அதற்குள் ராதா காலமாகி 33 வருஷம் கடந்திருந்தது. நம் சட்டத்துக்கும் வள்ளி திருமண நோட்டீஸுக்கும் ஒரே டைம்டேபிள்தான்.

இன்று சென்னையில் ஏசி ஹாலில், ஒரு மைக், ஒரு ஸ்டூல், ஒரு தண்ணீர் பாட்டிலோடு ஸ்டாண்ட்-அப் காமெடி நடக்கிறது. சாஃப்ட்வேர் வேலையை உதறிவிட்டு வந்த அலெக்ஸாண்டர் பாபு, 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' என்று தனி ஆளாகப் பாட்டும் நையாண்டியுமாக மேடையை நிரப்புகிறார். மேல்நாட்டிலிருந்து வந்த புதுக் கலை என்று பத்திரிகைகள் எழுதும்போது, ஆர்மோனியம் மட்டும் மிஸ்ஸிங் என்று பாச்சலூர்ப் பாட்டி ஒருத்தி சொல்லக் கூடும். ஆடியன்ஸோடு பேசிக் கலாய்ப்பதற்கு ஏசி ஹாலில் கிரவுட் வொர்க் என்று பெயர். மேல்நாட்டிலும் ஒற்றை ஆள் மேடைக்கு மரியாதை கூடியிருக்கிறது. இத்தாலியின் தாரியோ ஃபோ தனி ஆளாகப் போட்ட 'மிஸ்தேரோ புஃபோ'வை டி.வி.யில் பார்த்து வாடிகன் கொதித்தது. 1997இல் அவருக்கு இலக்கிய நோபல் கொடுத்தார்கள். ஸ்வீடன்காரர்கள் கோமாளிக்குப் பரிசு கொடுத்துவிட்டார்கள், நம் பபூன் இன்னும் சட்டையில் குத்திய நோட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

கவனித்தீர்களோ என்னவோ, இந்த இரண்டாயிரம் வருஷத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர்களின் பெயரும் ஊரும் பட்டமும் பத்திரமாக இருக்கின்றன. மேடையில் நின்றவர்களில் பாதிப் பேருக்குப் பெயரே இல்லை. சாக்கையருக்கு ஊர் மட்டும் உண்டு, பெயர் கிடையாது. மலை ஊர்களில் ராத்திரி ராத்திரியாகத் தொண்டை கட்டப் பேசிய எத்தனையோ பபூன்களுக்கு அதுவும் இல்லை. ஆனால் இதில் அவர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. பெயர் இருந்தால்தானே கேஸ் போட முடியும்?

ஆகவே, சென்னை ஹாலோ பாச்சலூர் கொட்டகையோ, நீங்கள் கொஞ்சம் லேட்டாகப் போய், முதல் வரிசையில் ஒரே ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தால், 'ஆஹா, நமக்கு அதிர்ஷ்டம்' என்று ஓடிப்போய் உட்காராதீர்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர்களுக்கு விவரம் தெரிந்திருக்கிறது.